ஆளில்லாமல் ஓடிய தறி

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். அடி வாங்குகிறவளுக்குத்தான் உடம்பு வலிக்கும், அடிக்கிறவனுக்கு என்ன வரப்போகிறது? நேற்று காலையில் போனில் நீ கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தப் பாத்துட்டு மாமியாரும் மருமகளும் சேந்து ஆட்டம் போடுறீகளா? அதுங்க காட்டுமிராண்டிச் சனம்மா. மூஞ்சியெல்லாம் பச்ச குத்திக்கிட்டுத் திரியுறவனுக. அவனுகளையும் என்னையும் ஒண்ணா வச்சுப் பேசுற நீ?" என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை நல்ல நாள், ஈஸ்வரியையும் பிள்ளையையும் மதுரையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ என்று உத்தரவு போட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். போனில் பேசினால் மறுபடியும் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். எழுத்தைக் கத்தி அடக்க முடியாது பார்.

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப்போவதில்லை. ஒரு பிரதி, பந்தல்குடியில் டீக்கடை வைத்திருக்கிற உன் மாமனாருக்குப் போகிறது. நம் தெருவில் யார் கேட்டாலும் வாசிக்கத் தருவேன். திருச்சுழியில் பத்தாவது வரை படித்தவள் நான். நூலகத்தில் புத்தகம் எடுத்துவந்து படிக்கிற பழக்கத்தை மட்டும் உன் அப்பாவால்கூட நிறுத்த முடியவில்லை. எனக்கு எழுதத் தெரியும். எழுதவேண்டியதை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஈஸ்வரி இங்கே எப்படி வந்தாள் என்பதை முதலில் கேட்டுக்கொள். நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதுபோல நான் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் மதுரையில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி, பந்தல்குடிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறாள். அப்பா வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் தடவை அப்படிப் போனபோது, அவள் அப்பா கடை பெஞ்சில் உட்காரவைத்து ஒரு டீயைக் கொடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிவந்து உன் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அதனால் பஸ் அருப்புக்கோட்டைக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். புருஷனிடமிருந்து தப்பிக்க ஒருத்தி மாமியார் வீட்டுக்கு ஓடிவருகிறாள் என்றால் அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை என்று அர்த்தம். "அத்த, கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன். திருப்பி மட்டும் கூட்டிட்டுப் போயிராதீக" என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். இடது காதுக்குக் கீழே வீங்கியிருந்தது. பையில் பிள்ளையின் துணி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், அப்புறம் ஏழு டியூப் வலி மருந்து. விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த டியூப். மருந்துக் கம்பெனி மேனேஜரான நீ டாக்டர்களுக்குக் கொடுக்க வைத்திருக்கிற சாம்பிள். அடித்து முடித்த பிறகு நீயே பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் தடவிவிடுவாயாமே. பெரிய கருணைதான் போ.

என்ன நடந்தது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்று பயந்தேன். தோசை சுட்டுப் போட்டேன், பிள்ளைக்குத் தலை சீவிவிட்டேன், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. உன் மகள் அழுவதைப் பார்த்திருக்கிறாயா? நாலு வயசுப் பிள்ளை சத்தம் வராமல் அழுகிறது. கீழே விழுந்து முட்டி சிராய்த்து ரத்தம் வந்தபோதும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டது. அதைப் பார்த்த பிறகும் நான் கேட்கவில்லை. என் லட்சணம் அப்படி.

பழைய கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நான் ஒருநாளும் சொல்லாத கதை. உன் அப்பாவுக்குப் பரளச்சியில் நாலு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. பருத்தியும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். தொடர்ந்து மழை பொய்த்து, காடு கையை விட்டுப் போய், அருப்புக்கோட்டைக்குத் தறி ஓட்டும் கூலியாளாக வந்தார். பிறகு ரெண்டு பழைய விசைத்தறி வாங்கி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டார். கல்யாணமான புதிதில், காடு போய் இந்த ஊருக்கு வந்த மூன்றாவது மாசம், தெருக்குழாயில் நின்று நான் சிரித்துப் பேசினேன் என்று முதல் அறை விழுந்தது. அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நிலத்தை இழந்த மனுஷன், வேதனையில் கை நீண்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை முப்பத்தைந்து வருஷம் சொன்னேன்.

உனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா என்னைச் சுவரோடு வைத்து அடித்த சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாரியக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அடிபட்டதைவிட அவள் பார்த்துவிட்டாளே என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் உன்னைத் தறி ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். மோட்டார் சுவிட்சை எப்படிப் போடுவது, கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் தறி ஓடும் என்று காட்டிக் கொடுத்தேன். "ஏய்யா, அப்பா சத்தம் போட ஆரம்பிச்சா நீ ஓடியாந்து தறியப் போட்டுரு. நம்ம வீட்டு விசயம் வெளிய கேக்கக் கூடாது" என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அடுத்த தடவை அவர் கையை ஓங்குவதற்குள் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, "எம் பிள்ள கெட்டிக்காரன்" என்று முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

கேள், நான் என்ன செய்தேன் என்று. அப்பாவைத் தடு என்று சொல்லவில்லை. தெருவுக்கு ஓடிப்போய் நாலு பேரைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. அடிப்பது தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அடிக்கலாம், சத்தம் மட்டும் வெளியே போகக்கூடாது என்று எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தினேன். வெளியூரில் காலேஜில் சேரும்வரை நீ அந்தப் பாடத்தை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. உன் அப்பா குரலை உயர்த்தினாலே உன் கால் தானாக ஷெட்டுக்குப் போகும். தறி ஓடும், நான் அடி வாங்குவேன், முடிந்ததும் நீ தறியை நிறுத்திவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்காருவாய். நீ காலேஜுக்குப் போன பிறகு அவரே தறியைப் போட்டுக்கொண்டார். குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நானும் நம்பினேன், நீயும் நம்பினாய்.

அது பழைய தறி. நூல் தீர்ந்தாலும் தானாக நிற்காது. ஆளில்லாமல் ஓடும்போது, நூலைச் சுமந்து போகிற நாடா வெறுமனே இங்கும் அங்கும் போய்வரும், குறுக்கு நூலான ஊடை விழாது, சேலையில் அந்த இடம் மட்டும் சல்லடையாக இருக்கும். ஜவுளி முதலாளி வீட்டில் சேலையை விரித்துப் பார்த்து, "என்னப்பா, இந்த எடத்துல ஊடையே இல்லையே, தூங்கிட்டியா?" என்று கேட்பார்களாம். டேமேஜ் என்று திருப்பி விடுவார்கள். உன் அப்பா அந்தச் சேலையை என் முகத்தில் எறிவார். அதற்கும் ஒரு அடி. அந்தச் சேலைகளைத்தான் நான் வீட்டில் கட்டிக்கொண்டேன். ஓட்டை தெரியாமல் கொசுவத்துக்குள் மடித்துக் கட்டுவதற்குப் பழகியிருந்தேன். இதையெல்லாம் நினைத்தால் இப்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

உனக்குப் பெண் பார்த்தபோது ஈஸ்வரியின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, பையன் கொணம் எப்பிடி? ஒத்தப் பொண்ணு எனக்கு. மறைக்காமச் சொல்லிரு" என்று கேட்டார். தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, குடி கிடையாது என்றேன். குடி கிடையாது என்பது உண்மை. ஆனால் அதற்கு மூன்று மாசம் முன்னால், சட்டையை இஸ்திரி போடவில்லை என்று நீ என் கையைப் பிடித்து முறுக்கினாயே, அந்த வீக்கம் ஒரு வாரம் இருந்ததே, அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. கல்யாணமானால் சரியாகிவிடுவான் என்று இன்னொருத்தன் மகளை மருந்தாகக் கொண்டுவந்தேன்.

கல்யாணமான வருஷமே ஈஸ்வரி எனக்குப் போன் செய்தாள். "அத்த, அவுக கைய நீட்டுறாக" என்று அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலையில டென்சன் இருக்கும்த்தா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. வெளிய யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். போன வருஷம் அவள் இரண்டாவது தடவையாகப் பந்தல்குடிக்கு வந்தபோது, கொண்டுவந்து விட நானே போனேன். புதுச் சேலை எடுத்துக் கொடுத்து, பழமும் பூவும் வாங்கி, நம் பக்கத்து வழக்கப்படி மூத்த பொம்பளை முன்னால் நடக்க, ஒன்றும் நடக்காததுபோலக் கூட்டிப்போய் உன் வீட்டில் விட்டேன். பஸ்ஸில் போகும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெட்கம் மானம் இல்லாமல் நான் அவள் தலையில் பூ வைத்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமையும் அதையே செய்வேன் என்றுதானே நீ நாள் பார்த்து வைத்திருக்கிறாய்?

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்து உன் மகள் தூங்கிவிட்டாள். உன் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதாவது சண்டைப் படம் போடச் சொன்னார். ஈஸ்வரி தன் போனை டிவியோடு இணைத்து ஒரு படம் போட்டாள். இங்கே காலேஜில் இங்கிலீஷ் பி.ஏ. படித்தபோது டீச்சர் போட்டுக் காட்டிய படமாம். அன்றைக்குப் பரீட்சைக்குக் குறிப்பு எடுப்பதற்காகப் பார்த்தாளாம். நியூசிலாந்து என்கிற தீவு நாட்டில் மாவோரி என்று ஒரு சனம். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். நிலம் போய், பிழைப்புக்காக டவுனுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் சொந்தக்காரர்களைப் பார்த்தால் நெற்றியும் மூக்கும் தொட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்கிறார்கள். அதைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

வசனத்தை ஈஸ்வரி எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் வாய்வழியாக வந்ததால் அந்த மாவோரிப் பெண் அசல் பந்தல்குடிக்காரியாகப் பேசினாள். "ஏங்க, வேல முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்தா என்ன?" என்று அவள் கேட்க, "நான் எங்க போறேன் வாரேன்னு ஒனக்கு எதுக்குடி?" என்று அவன் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் அவன் அடித்தான். நம் ஊர்ப் படங்களில் அடித்தால் டமார் என்று ஒரு சத்தம் வைப்பார்கள், அது பொய்ச் சத்தம். இந்தப் படத்தில் பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. அடி விழுகிற சத்தம் மட்டும்தான். எனக்குத் தெரிந்த சத்தம். அந்தப் பெண் அடுப்படித் தரையில் விழுந்து கிடந்து ஏதோ சொன்னாள். "பிள்ளைக முழிச்சிக்கிரும், மெல்ல" என்று ஈஸ்வரி சொன்னாள். "நான் கேட்டது தப்புதான், விட்ருங்க" என்றாள். "டிவிச் சத்தத்த மட்டும் கூட்டாதீங்க" என்றாள். "நீங்க ரிமோட்ட எடுத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். அடிக்கிறதுன்னா அடிச்சிருங்க, டிவிய மட்டும் கூட்டாதீங்க, பாப்பா காதப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயி ஒக்காந்துக்கிருது" என்றாள்.

நான் டிவியைப் பார்த்தேன். அங்கே யாரும் பேசவில்லை. அந்தப் பெண் எழுந்து ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. ஈஸ்வரி மட்டும் திரையைப் பார்த்தபடி அதே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தெந்த நாள், எந்தக் கை, எந்தப் பாட்டு ஓடியது என்பதுவரை சொன்னாள். அஞ்சு வருஷமாக நீ டிவிச் சத்தத்தை ஏற்றிவிட்டுத்தான் கையை நீட்டுகிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உன் அப்பா எழுந்துவிட்டார். "என்ன படம் இது, குடும்பம் நடத்துற வீட்டுல போடுற படமா?" என்று சொல்லிவிட்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் ஷெட்டில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. தெருவே அமைதியாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில், துணி நெய்ய ஆள் இல்லாமல், நம் வீட்டில் மட்டும் தறி ஓடுகிறது. நான் எழுந்து போனேன். அவர் தறிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுவிட்சை அணைத்தேன்.

"ஏய், என்ன பண்ற? அந்தப் பிள்ள பேசுறது வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்."

"தெருவுல தல காட்ட முடியாது."

"நீங்க காட்ட வேணாம். நான் காட்டிக்கிறேன்."

அவர் மறுபடியும் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கையை நான் பிடித்து நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பிடித்துப் பார்த்தால் அதில் பலமே இல்லை. இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வயசாகித்தான் பலம் போயிருக்கிறது, புத்தி வந்து போகவில்லை. அவர் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்வரி உள்ளே சத்தம் போட்டு அழ ஆரம்பித்திருந்தாள். மாரியக்கா நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கேட்காமல் உள்ளே வருகிற ஆள் இல்லை அவள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தறி நின்ன ஒடனே என்னமோ ஏதோன்னு ஓடியாந்தேன். லீவு நாள்ல ஒங்க வீட்டுத் தறி ஓடுனா அந்தப் பக்கம் நாங்க கையில இருக்குற டம்ளரக் கீழ வச்சிருவோம் தாயி. எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு ஒக்காந்திருப்போம். இன்னைக்கு ஓடுன வேகத்துல நின்னுருச்சு. ஆளு செத்துட்டாளோன்னு பயந்துட்டேன்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரு முழுக்கத் தறி நிற்கிற நாளில் ஒரு வீட்டில் மட்டும் ஓடினால் ஊருக்குத் தெரியாமல் போகுமா? நாம் மறைத்ததாக நினைத்தது ஒன்றையும் மறைக்கவில்லை. நீயும் மதுரையில் அந்த அடுக்குமாடியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இருக்காதே. கீழ்வீட்டுக்காரர்கள் உன் டிவிச் சத்தம் ஏறும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மீதிப் படத்தை மாரியக்காவும் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண்ணின் சித்தி, பெரியம்மா எல்லாரும் ஒரு வேனில் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்குள் வந்து சமாதானம் பேசவில்லை. வாசலில் வரிசையாக நின்று, ஒரு வயசான அம்மா குரல் எடுத்து அவளைக் கூப்பிடுகிறாள். பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை, ஊரே கேட்கிற மாதிரி நீளமாக ஒரு அழைப்பு. அது அவர்கள் சனத்தின் வழக்கம், விருந்தாளியை மரியாதையாக அழைக்கிற முறை என்று ஈஸ்வரி சொன்னாள். அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். கணவன் கதவோரம் நிற்கிறான், ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களைத்தானே நீ காட்டுமிராண்டி என்றாய்? அடிபட்ட பெண்ணை மரியாதையோடு வெளியே அழைக்கிற வழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. பூ வைத்துத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற வழக்கம் நமக்கு இருக்கிறது. யார் காட்டுமிராண்டி என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா மறுநாளே உனக்குப் போன் செய்து படத்தைப் பற்றி வத்தி வைத்துவிட்டார் என்று தெரியும். அவர் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது, என்னிடம், "அந்தப் படத்துக்காரன் நெலத்த எழந்தவன், அவன் வேதன ஒனக்குப் புரியாது" என்றார். நான் கேட்டேன், நிலம் அவனுக்கு மட்டுமா போனது? அவன் பெண்டாட்டிக்கும் போனதுதானே? பரளச்சிக் காடு உங்களுக்கு மட்டுமா போனது? களை எடுத்த எனக்கும்தானே போனது? நான் யாரை அடித்தேன்? உனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. நீ நிலம் இழந்தவனும் இல்லை, பசியில் கிடந்தவனும் இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து டாக்டர்களிடம் சிரித்துப் பேசுகிறவன். அங்கே எல்லாரிடமும் பொறுமையாக இருக்கத் தெரிகிற உனக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் தெரியாமல் போகிறதா? யாரை அடித்தால் திருப்பி ஒன்றும் வராது என்று கணக்காகத் தெரிந்துதான் அடிக்கிறாய். அதற்குப் பேர் கோபம் இல்லை தம்பி, கோழைத்தனம்.

நான் கற்றுக்கொடுத்தேன் என்பதற்காக நீ தப்பித்துக்கொள்ளப் பார்க்காதே. என் தப்பை நான் சுமக்கிறேன். உன் எட்டு வயசில் நான் செய்தது என் கணக்கு. முப்பத்து நாலு வயசில் நீ செய்வது உன் கணக்கு. அவளுக்குப் புதுச் சேலை வாங்காதே, மருந்து தடவாதே, டென்சன் என்று சொல்லாதே. இந்த மூன்றும் அடியை மூடி மறைக்கிற வேலைதான். செய்ததை வாயைத் திறந்து, கேட்கிறவர்கள் முன்னால், செய்தேன் என்று சொல். உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஈஸ்வரி உன்னோடு வாழ்வதும் வாழாமல் போவதும் அவள் இஷ்டம். அதில் நீயோ நானோ அவள் அப்பாவோ வாயைத் திறக்கக் கூடாது.

இன்றைக்குக் காலையில் நானும் ஈஸ்வரியும் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். பந்தல்குடிக்கும் சொல்லி அனுப்பினேன். "குடும்ப விசயத்த ஸ்டேசனுக்குக் கொண்டு போறதுக்கு நான் வரல" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ஈஸ்வரி எழுதிக் கொடுத்ததை இன்ஸ்பெக்டர் அம்மா முழுக்கப் படித்தார். பிறகு நான் எழுதியதைக் கொடுத்தேன். வீங்கிய காதைப் பார்த்தது, போன வருஷம் தெரிந்தே கொண்டுபோய் விட்டது, என் கையை நீ முறுக்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. படித்துவிட்டு, "நீங்க பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பையனோட அம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லா யோசிச்சுட்டீங்களா? அவரக் கூப்பிட்டு விசாரிக்கும்போது நீங்களும் வந்து இதையே சொல்லணும். பெத்த பிள்ளைக்கு எதிரா நிக்கணும்." உன்னைப் பெற்ற நாள், நீ காய்ச்சலில் கிடந்த நாள், எல்லாம் அந்த மேஜை முன்னால் ஞாபகம் வந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஈஸ்வரி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் திருப்பிக் கூட்டிப்போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன்னை வரச்சொல்லி அங்கேயிருந்து போன் வரும். நீ பார்த்து வைத்த அதே நாள்தான். உன் பக்கம் பேச உன் அப்பா வருவார், கூட வேறு யாரை வேண்டுமானாலும் கூட்டி வா. என்னைத் தேடாதே. நான் ஈஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மதுரையிலிருந்து கிளம்பும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, நேரமாகும்.

அம்மா